ஆடிப் பதினெட்டை ஒட்டி ஒரு கூட்டம்

முன்னாள் மாணவர் சந்திப்பு என்றால் மேடை, மைக், பொன்னாடை, குரூப் போட்டோ. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலைதான். அவர்களும் வாய் திறக்க வேண்டுமானால் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும்.

முதலில் நாள். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவது பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும்தான். ஆடிப் பதினெட்டை ஒட்டி வரும் சனிக்கிழமையே நல்லது. அடுத்துச் சில நாட்களில் ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது; கூட்டத்தில் எழுதும் கோரிக்கைக்கு அது உதவும்.

ஒரு மாதம் முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2024-ல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அவர்கள் வழியாகப் போனால் சுலபம். நன்கொடைப் பேச்சு அன்றைக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பணம் வந்துவிட்டால் கொடுப்பவர் குரல் மட்டுமே கேட்கும்.

அழைப்பை வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்தினால் நல்ல நிலையில் இருப்பவர்கள்தான் வருவார்கள். எட்டாவதோடு நின்றவரும் முன்னாள் மாணவர்தான். படிப்பு நின்றுபோன பெண்களை, பெண்களே வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். பெரியவர் பாதி, மாணவர் பாதியாக முப்பது பேர் போதும்.

தலைப்பில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ‘சமூகப் பிரச்சினைகள்’ என்று பொதுவாகப் போட்டால் பேச்சு செல்போனில் தொடங்கி “இந்தக் காலத்துப் பிள்ளைங்க” என்று முடியும். இரண்டு தலைமுறையும் அனுபவித்த ஒரே விஷயத்தை எடுங்கள். முதல் முறைக்கு நான் தண்ணீரைத்தான் சொல்வேன். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பல் உருவாகும் சிறு வயதில் ஃப்ளோரைடு அளவு மீறிய தண்ணீரைக் குடித்தால் பல்லில் விழும் பழுப்புக் கறை, வளர்ந்த பிறகு தானாகப் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அதற்கு முன் வளர்ந்தவர்களும் பின் வளர்ந்தவர்களும் ஒரே அறையில் உட்காரப் போகிறார்கள். “ஆறு வயசுல வீட்டுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?” என்று மாணவர்கள் கேட்கட்டும். பதிலுக்கு அவர்களும் கையில் கணக்கோடு வர வேண்டும்: குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வராத நாளில் போர் தண்ணியா, கேனா என்று முந்தைய இரண்டு வாரம் குறித்து வரட்டும். யாருடைய பல்லையும் காட்டச் சொல்லாதீர்கள், படமும் வேண்டாம்.

இளவயதுத் திருமணத்தை இரண்டாவது கூட்டத்துக்கு வையுங்கள். அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 1978 வரை பெண்ணின் திருமண வயது சட்டப்படி 15. அதன் பிறகுதான் 18. ஆகவே 15 வயதில் கழுத்து நீட்டிய பாட்டியைக் குற்றவாளி போல விசாரிப்பதில் பொருளில்லை. “அன்னைக்கு உங்ககிட்ட யாராவது சம்மதம் கேட்டாங்களா, பாட்டி?” என்ற ஒரு கேள்வி போதும். பேச்சின் நடுவே ஒரு மாணவி தன் வீட்டில் நடக்கும் ஏற்பாட்டைக் கோடிகாட்டினால் அதைச் சபையில் கிளறாதீர்கள். நம்பகமான ஆசிரியை தனியே பேசி, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும். இதற்கு யார் பொறுப்பு என்பதைக் கூட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேடை வேண்டாம், ஜமக்காளம் விரித்து வட்டமாக உட்காருங்கள். விட்டால் ஒரே தெருக்காரர்கள் ஒரே பக்கம் சேர்ந்துகொள்வார்கள். அது எதனால் என்று ஊருக்கே தெரியும். சீட்டுக் குலுக்கி இடம் கொடுங்கள். முதல் அரைமணி நேரம் கேள்வி மாணவர்களுடையது, பதில் மட்டும் பெரியவர்களுடையது. ஆளுக்கு மூன்று நிமிடம். மணி ஒரு மாணவி கையில் இருக்கட்டும். தாசில்தாராக ஓய்வு பெற்றவர் பேசினாலும் நேரம் முடிந்தால் அடிக்க வேண்டும்.

கடைசி அரைமணியில் ஒரே ஒரு கோரிக்கையை எழுதுங்கள். எந்தத் தெரு, எந்தக் குழாய் என்று குறிப்பாக இருக்கட்டும். பென்னாகரம் பேரூராட்சி என்பதால் அதற்குக் கிராம சபை கிடையாது. செயல் அலுவலரிடம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சுற்றியுள்ள ஊராட்சிகள் என்றால் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கே கொண்டுபோகலாம். அங்கே உறுப்பினர்கள் அந்த ஊராட்சியின் வாக்காளர்கள் மட்டுமே. மனுவை எழுதிய பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. அதனால் ஓட்டுள்ள முன்னாள் மாணவர் இரண்டு பேர் அன்று ஊரில் இருப்பார்களா என்பதைக் கூட்டம் கலைவதற்குள் கேட்டு, பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.