மெய்யான ஆராதனை எது? வஹகோட்டை வாசலில் படிக்க வேண்டிய பாடம்



ஜூன் மாதம் வந்தால் நம்ம லயங்களில் ஒரே பேச்சுத்தான். வஹகோட்டைக்கு எப்போ போறது, வேனா பஸ்ஸா, தலைக்கு எவ்வளவு? றத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சு கேட்காத லயம் குறைவு. வேதக்காரர் மட்டும்தான் போகிறார்கள் என்றும் இல்லை. மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கிற வீட்டு ஆட்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. மனசில் பாரம் உள்ளவன் எங்கே இறக்கி வைக்கலாம் என்று தேடத்தான் செய்வான்.

ஆனால் ஒரு கேள்வியை நாம் உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும். கோவிலுக்குப் போய் வந்தால் ஆராதனை முடிந்துவிட்டதா? பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினால் யாராவது நமக்குப் பேர் போடுவார்களா? பெரட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரட்டு வேலையின் தொடக்கம், வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கோவில் ஆராதனையும் அப்படித்தான் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

இந்த மலையா, அந்த ஊரா?

யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். நடு மத்தியானம். ஒரு சமாரியப் பெண் தனியாகக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருகிறாள். மற்றப் பெண்கள் வராத நேரமாகப் பார்த்து அவள் வந்தாள் என்று விளக்கம் சொல்வார்கள். நம்ம பீலியடியிலும் இப்படி ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ஏன் அப்படி வருகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

இயேசு அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் திகைத்துப் போகிறாள். யூதர்கள் சமாரியர்களோடு புழங்காத காலம் அது. அவர்கள் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டார்கள். நம்ம தோட்டங்களில் "அந்த வீட்டில் தண்ணி குடிக்க மாட்டோம்" என்ற பேச்சு அடியோடு ஒழிந்துவிட்டதா? பெரிய ஆட்களைக் கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். கலியாணப் பேச்சு வரும்போது பாருங்கள், அந்தக் காலம் திரும்பி வந்து வாசலில் நிற்கும்.

பேச்சு வளர்ந்ததும் அந்தப் பெண் ஒரு பழைய வழக்கைக் கிளப்புகிறாள். எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேமில்தான் தொழ வேண்டும் என்கிறீர்கள், எது சரி என்கிறாள். இயேசு அவளுக்கு இரண்டு இடத்தையும் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. கடவுள் ஆவியாக இருக்கிறார், அவரைத் தொழுகிறவர் உள்ளத்தாலும் உண்மையாலும் தொழ வேண்டும் என்ற பொருளில் பதில் சொல்கிறார். இதை அவர் சொன்னது பெரிய குருமாருக்கு அல்ல. ஊர் ஒதுக்கி வைத்த ஒரு பெண்ணுக்கு, கிணற்றடியில் வைத்துச் சொன்னார்.

குருவானவர் இல்லாத ஊர்

வஹகோட்டையின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. திருவிழாவுக்குப் போகிற நம்ம ஆளுங்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைப் பக்கம் இருக்கிற ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் வழிவந்த கத்தோலிக்கர் கண்டி அரசர்களின் ஆட்சிக்குள் குடியேறி வாழ்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. காலப்போக்கில் அவர்கள் சிங்களம் பேசுகிற கிராமத்து மக்களாகவே ஆகிவிட்டார்கள். பேரில் மட்டும் போர்த்துக்கீச வாசனை இருக்கும்.

அந்தக் காலத்தில் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த அவர்கள், கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். அதே ஒல்லாந்தர் தங்கள் புரட்டஸ்தாந்து சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்குத்தான் உத்தியோகம் என்றும் வைத்திருந்தார்கள். சனங்கள் என்ன செய்வார்கள்? பேரைப் பதிந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தார்கள், வீட்டுக்கு வந்து தங்கள் பழைய சாமியைக் கும்பிட்டார்கள். 1796இல் ஒல்லாந்தர் போய் வெள்ளைக்காரர் வந்து, அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், பேர்ப்பட்டியலில் இருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. உத்தியோகத்துக்காகப் போனவர்கள் உத்தியோகம் போனதும் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கும்பிடச் சொன்னவர்கள் பேரில்தான் குறை.

கட்டாயத்தை விட்டுவிட்டு, தடை இருந்த பக்கத்தைப் பாருங்கள். கோவாவில் 1651இல் பிறந்த ஜோசப் வாஸ் என்ற குருவானவர், 1687இல் கூலியாள் வேஷத்தில் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அவருடைய ஆராதனை எப்படிப்பட்டது என்பதை 1697இல் கண்டியில் பார்த்தார்கள். அம்மை நோய் வந்தது. அரசனும் வசதி உள்ளவர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் குருவானவரும், கூட இருந்த ஜோசப் கர்வாலியோ குருவானவரும் அவர்களைத் தேடிப்போய்க் குடிசை போட்டுக் கொடுத்து, புண்ணைக் கழுவி, கஞ்சி கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார்கள். என்ன சாமி, என்ன சாதி என்று கேட்கவில்லை. அவர் 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இவ்வளவு நாள் கழித்துப் பட்டம் கிடைத்தாலும், அவருடைய பெரிய பூசை அந்த அம்மைக் குடிசைகளில் நடந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1740களில் கண்டி அரசிலும் நிலைமை மாறி, குருமார் வெளியேற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு உள்நாட்டு ஊர்களில் பூசை வைக்க ஆள் இல்லை. கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை வெள்ளைக்கார ஆட்சி நீக்கியதே 1806இல்தான். குரு இல்லாத ஊர்களில் செபத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள் அண்ணாவிமாரும், பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்த அம்மாமாரும், பழைய புத்தகங்களும்தான். வாஸ் குருவானவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவானவர் சிங்களத்திலும் தமிழிலும் புத்தகங்கள் எழுதி வைத்துவிட்டுப் போனார். தவக்காலத்தில் ஒப்பாரி மாதிரி இழுத்து வாசிக்கிறார்களே, வியாகுலப் பிரசங்கம், அது அவர் எழுதியதுதான். ஒரு மனுசன் எழுதி வைத்த புத்தகம், குரு இல்லாத வீடுகளில் குருவாக இருந்திருக்கிறது.

நம்ம தோட்டங்களிலும் மாசத்துக்கு ஒரு பூசை, சில இடத்தில் அதுவும் இல்லை. "சாமியார் வரல்ல, அதனால செபமும் இல்ல" என்று சொல்கிறவர்கள் வஹகோட்டைக்குப் போகும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளட்டும்.

கடன் வாங்கி நேர்த்தி

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். என் வேலையில் வருசா வருசம் பார்க்கிறேன். திருவிழாவுக்கு முன்னால் தோடு அடகுக்குப் போகிறது, வட்டிக்குப் பணம் எடுக்கிறார்கள், வேன் கூலி, புதுச் சட்டை, வரும் வழியில் ஆம்பிளைகளுக்குச் சாராயப் போத்தல். அடுத்த மாசச் சம்பளம் வட்டிக்காரன் கையில். பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசு இல்லை. நேர்த்திக்கடன் தீர்ந்தது, பணக்கடன் ஏறியது.

யாரைக் கும்பிடப் போனோம் என்று கொஞ்சம் பாருங்கள். அந்தோனியார் 1195இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் பிறந்தவர். இத்தாலி நாட்டுப் பாதுவா நகரத்தில் பிரசங்கித்தவர். அந்த நகரத்தில் வட்டிக்காரரின் கை ஓங்கியிருந்தது. கடன் கட்ட முடியாத ஏழையைப் பிடித்துச் சிறையில் போட்டுவிடுவார்கள். அந்தோனியார் இதை எதிர்த்துப் பேசினார். அவர் கேட்டுக்கொண்டதால் 1231 மார்ச் மாதம் பாதுவா நகரசபை ஒரு சட்டம் போட்டது. தன்னிடம் உள்ளதை ஒப்படைத்துவிட்ட கடன்காரனை அதற்கு மேல் சிறையில் வைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதே வருசம் ஜூன் 13ஆம் திகதி அவர் இறந்தார். அந்த நாளைத்தான் நாம் திருநாளாகக் கொண்டாடுகிறோம். வட்டிக்காரரோடு மல்லுக்கு நின்ற ஒரு மனுசனுக்கு, நாம் வட்டிக்கு வாங்கித் திரி கொளுத்துகிறோம்! அவர் பேரில் ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அவருக்குப் பிடித்த காணிக்கை எது என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

கோவிலுக்குள் பெரிய மனிதர்கள் அள்ளிப் போட்டதைப் பார்த்துவிட்டு, இரண்டே சின்னக் காசு போட்ட விதவையைத்தான் இயேசு மேலாகச் சொன்னார். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவள் தன்னிடம் உள்ளதைப் போட்டாள், கடன் வாங்கிப் போடவில்லை.

தராசும் திருவிழாவும்

பழைய ஏற்பாட்டில் ஆமோஸ் என்று ஒரு இறைவாக்கினர் வருகிறார். அவரும் நம்ம மாதிரி உழைப்பாளிதான், ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். திருவிழாவும் பாட்டும் பலியும் தடபுடலாக நடந்த காலத்தில் வந்து நின்று, உங்கள் பாட்டுச் சத்தம் கடவுளுக்கு வேண்டாம், நியாயம் ஓடட்டும் என்றார். ஓய்வுநாள் எப்போ முடியும், கடையைத் திறந்து கள்ளத் தராசு பிடிக்கலாம் என்று காத்திருந்தவர்களைப் பார்த்துத்தான் அதிகம் கோபப்பட்டார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு பிடிக்கிறவர்களில் வேதக்காரரும் இருக்கிறார்கள். அந்திக்கு ஒரு பொம்பிளையின் கொழுந்தில் இரண்டு கிலோவைக் குறைத்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் முழங்காலில் நின்றால், அந்த இரண்டு கிலோவையும் கணக்கில் எழுதுகிற ஒருத்தர் மேலே இருக்கிறார். கொழுந்துக்கு அடியில் முத்தல் இலையைப் போட்டு நிறைவைக் கூட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இன்னொரு கட்டளை இருக்கிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வர வேண்டுமாம். யார் பேரில் தப்பு என்று கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராவோடு கானுத் தண்ணிக்காகவும், கோழி தோட்டத்தைக் கிண்டியதற்காகவும் வருசக்கணக்காகப் பேசாமல் இருக்கிறவர்கள், ஒரே வேனில் முன் சீட்டிலும் பின் சீட்டிலும் உட்கார்ந்து வஹகோட்டைக்குப் போய்த் திரும்பி, பேசாமலே இறங்குகிறார்கள். சிங்களக் குடும்பம் ஒன்று பக்கத்தில் நின்று அதே அந்தோனியாரிடம் அதே மாதிரிப் பிள்ளைக்காகக் கண்ணீர் விடுகிறது. அந்த வாசலில் நமக்கு மொழி தடையாக இல்லை, லயத்துக்குள் ஒரு சுவர்தான் தடையாக இருக்கிறது.

குடும்பமாக உட்கார்ந்து இந்த மாசம் மேலே சொன்ன நான்கு அதிகாரங்களையும் வாரத்துக்கு ஒன்றாக வாசியுங்கள். ஆமோஸில் 5ஆம் அதிகாரம் போதும், முடிந்தால் 8ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். "நம்ம வீட்டில் இது எங்கே பொருந்துது?" என்று ஒருத்தர் மற்றவரைக் கேளுங்கள். அப்பாவையும் பிள்ளைகள் கேட்கலாம், அடி விழக் கூடாது.

அடுத்த வருசத் திருவிழாவுக்குப் போக ஆசையுள்ளவர்கள் இப்போதே ஒரு பால்மா டின்னை எடுத்து மூடியில் துளை போட்டு, சம்பளத்துக்குச் சம்பளம் முடிந்ததைப் போட்டு வரலாம். நாலு குடும்பம் சேர்ந்தால் பஸ் செலவும் குறையும். டின்னில் சேர்ந்த காசுக்குப் போக முடியாவிட்டால், அன்றைக்குச் சாயந்தரம் லயத்திலேயே செபத்தை வைத்துவிட்டு, வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கிற ஒரு வீட்டுக்கு அந்தக் காசுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள். அந்தோனியார் அப்பம் என்று சொல்லியே கொடுக்கலாம்.