பிள்ளையின் முதல் ஷாட்கன்: கவுன்டரில் நிற்பவருக்குச் சில சொற்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வாத்து சீசன் நவம்பர் பிற்பகுதியில் திறக்கும். ஸ்டட்கார்ட் போன்ற நெல் விளையும் ஊர்களில் அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் வேட்டைச் சாமான் கடைகள் நிரம்பி வழியும். அப்பாவோ தாத்தாவோ பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கவுன்டருக்கு வந்து, “உதைக்காத துப்பாக்கியா ஒண்ணு காட்டுங்க” என்பார்கள். துப்பாக்கிப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு இதைவிடப் பொறுப்பான விற்பனை வாய்க்காது. தவறான துப்பாக்கியைக் கொடுத்தால் பிள்ளை சில வெடிகளிலேயே விசையை இழுக்கும்போது கண்ணை மூடப் பழகிவிடும். வந்த பழக்கம் லேசில் போகாது.

பெரும்பாலும் பெரியவரின் விரல் நீள்வது ஷெல்ஃபின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஒற்றைக்குழல் துப்பாக்கியை நோக்கித்தான். விலை குறைவு, எடை குறைவு, பார்க்கவும் பிள்ளைக்கு ஏற்றதாகத் தெரியும். அங்கேயே மரியாதையாக மறுத்துப் பேசுங்கள். தோட்டா மாறாதவரை, துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். 3 கிலோ துப்பாக்கியில் போடும் அதே தோட்டாவை 2.25 கிலோ துப்பாக்கியில் போட்டால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகும். லேசான ஒற்றைக்குழல், பெரியவர்களையே முகம் சுளிக்க வைக்கும்.

“அப்படியானால் .410 போதுமே” என்று அடுத்த கேள்வி வரும். உதை குறைவுதான், ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சின்னத் தோட்டாவில் அடங்கும் ரவை மிகக் கொஞ்சம். குறி தேர்ந்த கைக்கு அது சரி. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு வாத்து அடிபட்டும் விழாமல் பறந்துபோகும், அந்தப் பறவை எங்கோ போய்ச் சாகும். இதை எந்தப் பிள்ளைக்கும் முதல் அனுபவமாக நான் கொடுக்க மாட்டேன்.

என் தேர்வு 20 கேஜ், அதிலும் கேஸில் இயங்கும் செமி ஆட்டோ. வெடித்த மருந்தின் வாயுவில் ஒரு பகுதி குழலில் உள்ள துளை வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளும். உதை ஒரே அடியாக இறங்காமல், சற்று நீண்ட நேரத்துக்குப் பரவிச் சேரும். தோளுக்கு அது அடியாக இல்லாமல் தள்ளலாகப்படும். பம்ப் துப்பாக்கியில் இந்த உதவி இல்லை. இனர்ஷியா முறையில் இயங்கும் பெனெல்லி எம்2 சுத்தம் செய்ய எளிது, சேற்றிலும் பனியிலும் நம்பலாம். ஆனால் உதையை மென்மையாக்குவதில் கேஸ் துப்பாக்கிக்குத்தான் என் ஓட்டு. வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 காம்பாக்ட், மோஸ்பெர்க் எஸ்ஏ-20 யூத் போன்றவற்றை முதலில் எடுத்து வையுங்கள். பட்ஜெட் இடித்தால் பழைய துப்பாக்கி அடுக்கில் ரெமிங்டன் 1100 இருக்கிறதா பாருங்கள். 1963-இல் வந்த இந்தத் துப்பாக்கி உதை குறைவுக்கே பேர் வாங்கியது. விற்பதற்கு முன் குழலடியில் உள்ள ரப்பர் ஓ-ரிங்கைப் பாருங்கள். வெடித்திருந்தால் புதிதாகப் போட்டு, உபரியாக ஒன்றையும் பையில் போட்டுக் கொடுங்கள்.

எடுத்துக் கொடுக்கும் முறையே முதல் பாடம். சேம்பரைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் பார்த்து, பிள்ளைக்கும் காட்டி, திறந்தபடியே கொடுங்கள்.

இனி கட்டையின் அளவு. விசையிலிருந்து கட்டையின் கடைசி வரையுள்ள நீளம் பெரியவர்களுக்கான துப்பாக்கிகளில் 14 அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும், யூத் மாடல்களில் 12 முதல் 13 வரை. இந்த எண்ணைச் சொல்லி விற்றுவிடாதீர்கள். கடைக்குள் டி-ஷர்ட்டோடு நிற்கும் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் கட்டை, ஜனவரிக் குளிரில் வேடர்ஸும் தடித்த கோட்டும் போட்டுத் தண்ணீரில் நிற்கும்போது நீளமாகிவிடும். ரேக்கில் தொங்கும் கோட் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, பிறகு தோளில் ஏற்றச் சொல்லுங்கள். பாதுகாப்பான திசையில் சுவரில் ஒரு புள்ளியைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி, பிறகு திறக்கச் சொல்லுங்கள். ரப்பர் பேட் அக்குளில் மாட்டினால் கட்டை நீளம். மூக்குக்கும் பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் நல்லது. மூக்கு விரலில் இடித்தால் கட்டை குட்டை, சுடும்போது விரல் மூக்கில் மோதும். வயிறு முன்னே தள்ளி, முதுகு பின்னே சாய்ந்து நிற்கிறதா என்றும் கவனியுங்கள். சாய்ந்தால் துப்பாக்கி முன்பக்கம் கனக்கிறது என்று பொருள். எடை வேண்டும் என்று மேலே சொன்னேன், தாங்கும் அளவுக்குத்தான். பெரியவரிடம் வேறு எதையோ பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் குழல் முனையைப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் முனை தாழ்ந்தால் அடுத்த மாடலை எடுங்கள்.

எந்தக் கண் ஆளும் கண் என்றும் பார்த்துவிடுங்கள். இரு கைகளாலும் சின்ன ஓட்டை அமைத்து, அதன் வழியே தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால் தெரிந்துவிடும். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆளுமானால் எந்தத் தோளில் பழகுவது என்பதைப் பெற்றோர் இப்போதே முடிவு செய்வது நல்லது.

தோட்டாவில்தான் உதையைக் குறைக்க மிக மலிவான வழி இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். வாத்து வேட்டைக்கு அமெரிக்கா முழுவதும் 1991 முதல் ஈய ரவை தடை. எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் கலவை ஆகியவற்றில் ஒன்றுதான் வாங்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் வேகமும் 3 அங்குலமும் போட்டிருப்பதைப் பெரியவர் எடுப்பார். அதைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, 2¾ அங்குலத்தில் முக்கால் அவுன்ஸ் எஃகு ரவை உள்ள பெட்டியைக் கொடுங்கள். 3.2 கிலோ 12 கேஜில் 3 அங்குலத் தோட்டாவுக்குப் பதிலாக, 2.9 கிலோ 20 கேஜில் இந்தத் தோட்டா என்றால் உதை பாதியளவுதான். டெக்காய்க்கு (பொம்மை வாத்துக்கு) மேலே இறங்கும் வாத்தை 25 கெஜத்துக்குள் சுட அது போதும். அதற்கு மேல் சுடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பழைய துப்பாக்கி வாங்குபவரிடம் குழலில் பொறித்த தோட்டா அளவைப் படித்துக் காட்டுங்கள். மாற்ற முடியாத ஃபுல் சோக் (மிகவும் குறுகிய குழல் முனை) உள்ள பழைய குழலில் எஃகு ரவை போடக்கூடாது.

பதினைந்து வயதில் ஆறடி வளர்ந்த பிள்ளை வந்தால்? 3.4 கிலோ 12 கேஜ் கேஸ் துப்பாக்கியும் ஒரு அவுன்ஸ் தோட்டாவும் தாராளமாகப் பொருந்தும். கேஜ் எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

பாதிப் பிள்ளைகளுக்கு உதையைவிடச் சத்தம்தான் பயம். இரண்டையும் அவர்களால் பிரித்துச் சொல்லத் தெரியாது, “அடிக்குது” என்பார்கள். பேச்சைக் கேட்கவிட்டு வெடிச்சத்தத்தை மட்டும் அடக்கும் எலக்ட்ரானிக் காதுமஃப் ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்க வைத்துவிடுங்கள். இதற்காக அழுத்திப் பேசலாம், தவறில்லை.

அப்பா 12 கேஜும் பிள்ளை 20 கேஜும் வைத்திருக்கும் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் விழுந்து நடுவில் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலி என்று நினைத்து 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். ஒரு பையில் இரண்டையும் போட வேண்டாம் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் நன்றாக நினைவில் வைப்பார்கள்.

பேப்பர் வேலையில் தடுமாறாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு லைசென்ஸ் பெற்ற கடை ஷாட்கன் விற்கக்கூடாது என்பது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோர் தம் பணத்தில், தம் பெயரில் 4473 படிவம் நிரப்பி வாங்கிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கலாம். வாங்கத் தகுதியில்லாத வேறொருவருக்காகப் பெயர் மாற்றி வாங்குவது வேறு, 2022 சட்டப்படி அதற்கு 15 ஆண்டு வரை சிறை. சந்தேகம் வந்தால் விற்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, மேலாளரைக் கூப்பிடுங்கள். பிள்ளை வைத்துக்கொள்வது, கொண்டுபோவது பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில வேட்டைத் துறையின் கையேட்டைக் கவுன்டரிலேயே வையுங்கள். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி பிளக் இருக்கிறதா என்று திருகிப் பார்த்துக் கொடுங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஃபெடரல் டக் ஸ்டாம்ப் கட்டாயம். சீசனை ஒட்டிப் பிள்ளைகளுக்கென்றே மாநிலங்கள் ஒதுக்கும் நாட்களில் கூட வரும் பெரியவர் வாத்து சுடக்கூடாது, அவர் வேலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது மட்டும். முதல் வேட்டைக்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

பில்லின் பின்பக்கம் கட்டையின் அளவை எழுதிக் கொடுங்கள். பிள்ளை ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும், அப்போது ரப்பர் பேடுக்கும் கட்டைக்கும் நடுவே ஸ்பேசர் சேர்க்க வேண்டியிருக்கும். துப்பாக்கியையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வரச் சொல்லுங்கள். அப்பா மட்டும் வந்து ஸ்பேசர் கேட்டால் அளந்து பார்க்காமல் விற்காதீர்கள்.