மே மாதத்தைப் பாத்திரக்காரியிடம் போடாதே

பருத்திப்பட்டு,
சித்திரை முதல் வாரம்.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா ஆசீர்வாதம். இங்கே நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமா என்று கேட்பது முறை. நலம் என்று நீ பதில் சொல்வதும் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது பாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கிறது. உன் கைப்பையில் சில்லறை எடுக்கச் சொன்னாயே, அப்போது அந்த மாத்திரை அட்டையும் கண்ணில் பட்டது. ராத்திரி தூக்கத்துக்கு என்றால் தூக்கத்துக்கு, நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உனக்குக் கோபம் வரும். உங்கம்மாவின் கோபம் அது, எனக்குப் பழகினதுதான்.

மே மாதம் பாப்பாவைச் சம்மர் கேம்ப்பில் சேர்ப்பதா, இல்லை இங்கே என்னிடம் விடுவதா என்று போனில் கேட்டாய். முடிவு உன்னுடையது. பெற்றவள் நீ, பணம் கட்டுகிறவளும் நீ. நான் இரண்டு பக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், எடை போட்டுக்கொள்.

கேம்ப்பில் ரோபோ செய்யக் கற்றுத் தருவார்கள். மத்தியானம் ஆறாம் வகுப்புக் கணக்கை இப்போதே நடத்திவிடுவார்கள். ஏசி உண்டு, வேன் உண்டு, கடைசி நாளில் பெயர் போட்ட பனியனும் சான்றிதழும் உண்டு. நல்ல விஷயம்தான். அந்தப் பக்கம் அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நீ கேட்கலாம். ஒன்றும் இல்லை, அதுதான் விஷயம். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஏரிப் பூங்காவில் ஒரு நடை. 2019 ஜூனில், ஊர் முழுக்கத் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றோமே, அந்த மாதம்தான் இந்த 87 ஏக்கர் ஏரியைத் தூர்வாரிப் பூங்காவாகத் திறந்தார்கள். நீ அதற்குள் போனதே இல்லை. வாசலோடு காரில் போயிருக்கிறாய். வந்ததும் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். மாடியில் கூழ் வடகம் பிழிய வேண்டும், பாப்பாவுக்குக் காக்கா ஓட்டுகிற வேலை. பாதி காய்ந்த வடகத்தைத் திருடித் தின்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான், உனக்குத் தெரியாததா? மத்தியானம் புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி, இல்லையென்றால் தாயம். சாயங்காலம் பூந்தமல்லி ரோட்டு ஓரத்தில் நுங்கு.

2003 மே 31ஆம் தேதி உனக்கு ஞாபகம் இருக்கும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாள். ஃபேன் காற்று அனலாக அடிக்க, நீயும் உன் அண்ணனும் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூடத்தில் தாயம் ஆடினீர்கள். அவன் காயை வெட்டினாய் என்று சண்டை வந்தது, உங்கம்மா இருவரையும் அடித்தாள். அந்த மாதம் நீ ஒரு பாடமும் படிக்கவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது யாரும் உன்னை வெளியே நிறுத்திவிடவும் இல்லை.

இதற்கு மேல் ஒன்று உண்டு. பாப்பாவைப் போர்வை தைக்க வைக்கலாம் என்றிருக்கிறேன்.

கத்திரி வெயிலில் போர்வையா என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். ஏசி வாங்கும்போதே 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து அரசாங்கமே விதி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் அதை 18க்கு இறக்கி வைத்துவிட்டு, பாலியெஸ்டர் ரஜாயைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொள்கிறீர்கள். அதைவிட நான் சொல்வது ஒன்றும் சிரிப்பு இல்லை. தைப்பது மே மாதம், போர்த்துவது மார்கழி. நடுவில் மொட்டைமாடியில் விரித்துப் படுக்கலாம்.

பழம்புடவைப் போர்வைக்குக் காசு வேண்டாம். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவையை மூன்றாகக் கிழித்தால் ஒவ்வொன்றும் பாப்பாவின் உயரத்துக்கு மேலேயே வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று. கனம் போதவில்லை என்றால் நடுவில் பழைய வேட்டி. துவைத்துத் துவைத்து இளகின துணிதான் வேண்டும். புதுத்துணியில் ஊசி இறங்காது, முதல் துவைப்பில் சுருங்கியும் போகும். பாலியெஸ்டரைக் கலக்கவே கூடாது. பருத்தி சுருங்க, அது சுருங்காமல் நிற்க, போர்வை மேடும் பள்ளமுமாகிவிடும். மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நூலோட்டிக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவில் வந்து குவிந்துவிடும். நூலைக் கை நீளத்துக்கு மேல் கோர்த்தால் சிக்கும். விரலுக்கு அங்குஸ்தான் என் பெட்டியிலேயே இருக்கிறது, சின்ன விரலுக்குப் பஞ்சு வைத்துக் கொடுத்துவிடலாம்.

தினம் இரண்டு வரி ஓட்டினால் போதும். கோணலாக ஓடினால் ஓடட்டும். ஊசியைப் பிடித்த கை வாய்க்குப் போகாது. நான் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

ஆவடி ஓ.சி.எஃப். தொழிற்சாலையில் ராணுவத்துக்குச் சீருடை தைத்தவள் இதைச் சொல்கிறாளே என்று நினைக்காதே. 1961ல் தொடங்கின தொழிற்சாலை, நம் தெருவில் பாதி வீடு அந்தச் சம்பளத்தில் எழும்பியது. நீ கல்லூரிக்குக் கட்டின பணத்தில் அதுவும் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே எல்லாம் எண்ணிக்கை. இத்தனை காலர், இத்தனை பாக்கெட், இத்தனை காஜா, அதற்கு இவ்வளவு கூலி. 2021 அக்டோபரில் அதையும் கம்பெனியாக்கி, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றின் கீழே கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வேலையை விட்ட பிறகுதான் எண்ணாமல் தைத்தேன். முதல் சில மாதம் கை தானாக எண்ணிக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் நின்றது. அன்றைக்கு ராத்திரி வந்த தூக்கம் எந்த அட்டையிலும் வராது, கண்ணு.

இது ஏழைகளின் வேலை என்று உன் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வரும். வரட்டும். நம் தேரில் தொங்குகிற தொம்பை என்ன? வெட்டுத்துணியை யாளியாகவும் பூவாகவும் கத்தரித்து ஒட்டித் தைத்ததுதான், சாமிக்கு முன்னால் ஆடுகிறது. வட கர்நாடகத்தில் பழம்புடவையில் தைக்கிற போர்வைக்குக் கவுதி என்று பெயர். அங்கே உத்தர கன்னடத்தில் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம், போர்வையின் மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைத்துத்தான் முடிப்பார்கள். வங்காளத்துக் காந்தாவை நீயே எக்ஸிபிஷனில் கொள்ளை விலை கொடுத்து வாங்கினாய். அதுவும் ஏதோ ஒரு பாட்டியின் பழைய புடவையில் பிறந்த தையல்தான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்திக் காட்டு அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் வாழ்கிற ஊர். அந்தப் பெண்கள் கந்தலில் தைத்த போர்வைகளை 2002ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களை மாட்டுகிற சுவரில் மாட்டினார்கள். 2006ல் அவர்கள் அரசாங்கம் அந்தப் போர்வைகளைத் தபால்தலையாகவே அச்சடித்தது. அந்த ஊரில் மிசௌரி பெட்வே என்று ஒருத்தி. புருஷன் செத்துப்போனான். அவன் வயலில் உடுத்திய வேலைத் துணிகளையெல்லாம் எடுத்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 1942ல் ஒரு போர்வையாகத் தைத்துப் போர்த்திக்கொண்டாள். முட்டி தேய்ந்த இடம், பாக்கெட்டைப் பிரித்த தடம் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. இதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமாக இருந்தேன். இப்போதும் உன்னைச் சொல்லவில்லை. நீ அன்று எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தாய். ஆனால் உங்கம்மாவின் காரியம் முடிந்த மறுநாளே, நான் ஆவடி போய் வருவதற்குள், அவள் பீரோவைக் காலி செய்து பாத்திரக்காரியிடம் போட்டார்களே! யார் என்று நான் எழுதப் போவதில்லை, கை யாருடையது என்று குடும்பத்துக்கே தெரியும். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில் தீபாவளிக்குத் தீபாவளி நானும் அவளும் ஜோடியாக எடுத்த புடவைகள். அந்த மெரூன் சின்னாளப்பட்டிச் சுங்குடி. உன்னைத் தூளி கட்டி ஆட்டின வாயில் புடவை. அத்தனைக்கும் சேர்த்து ஓர் எவர்சில்வர் தூக்கும் இரண்டு தட்டும். அந்தத் தூக்கை இன்னும் உங்கள் வீட்டுச் சமையலறையில் பார்க்கிறேன். பளபளவென்றுதான் இருக்கிறது. பழசை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பாத்திரமாவது மிஞ்சும் என்று அன்றைக்கு ஒருவர் சொன்னார்.

மே மாதத்தையும் நீங்கள் அப்படித்தான் போடப் பார்க்கிறீர்கள். இளகின, பழகின, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு மாதத்தைக் கொடுத்துவிட்டுப் பளபளவென்று ஒரு சான்றிதழை வாங்கி அலமாரியில் வைப்பீர்கள். பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்கும். கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் தோன்றட்டும், எழுதினது எழுதினதுதான்.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு ஒரு புடவை மட்டும் தப்பித்தது. பின்கட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததால் அவர்கள் கண்ணில் படவில்லை. பச்சையில் சிறு கட்டம் போட்டது, உங்கம்மா வீட்டில் உடுத்துவது. அதை நான் இதுவரை யாரிடமும் காட்டவில்லை. பாப்பாவின் போர்வைக்கு அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அவள் அம்மாயியை அவள் பார்த்ததில்லை. போட்டோவைக் காட்டி இவள்தான் என்று சொல்வதைவிட, அவள் புடவையில் ஊசி குத்தட்டும்.

உனக்கும் ஒரு வார்த்தை. பாப்பாவை இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் திங்கட்கிழமை காலையில் இங்கிருந்தே அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்விடலாம், உன் வீட்டிலிருந்து போவதைவிட இது பக்கம். லேப்டாப்பை எடுத்து வா, நான் தடுக்கவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அது மூடியிருக்கும். இந்த வீட்டில் அதுதான் சட்டம். உங்கப்பாவுக்கே அந்தச் சட்டம் இருந்தது. போர்வை பெரியது, ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நீ. பேச வேண்டியது ஏதாவது இருந்தால் தைக்கும்போது பேசலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஊசியைப் பார்த்தால் போதும். பேச ஒன்றும் இல்லை என்றாலும் சரி.

மறுபடியும் சொல்கிறேன், முடிவு உன்னுடையது. கேம்ப்பில் சேர்ப்பதாக இருந்தால் நான் மனஸ்தாபப்பட மாட்டேன். ஆனால் ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்: நூல்கண்டும் ஊசியும் வாங்கியாகிவிட்டது, கூழ் வடகத்துக்கு அரிசி சொல்லியாகிவிட்டது, பின் அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலையில் உன் அண்ணன் வண்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இவ்வளவு நேரம் திட்டினேன் என்று மனதில் வைத்துக்கொள்ளாதே, என் தங்கமே. நீ நல்ல பெண். ஆபீஸையும் வீட்டையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், நாங்கள் யாரும் இந்த அளவுக்கு நின்றதில்லை. பாப்பாவை நீ வளர்க்கிற அழகைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது, உங்கம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாள். மாப்பிள்ளையும் தங்கமான மனிதர், ஏசியைப் பற்றி எழுதினதை அவரிடம் காட்டாதே. வந்தால் அவருக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறேன், பாப்பாவுக்குப் பால்கோவா கிளறுகிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல், வெயிலோ மழையோ போய் வாங்கி வருகிறேன்.

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதே. சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தயாராக இருப்பாய் என்று அண்ணனுக்குப் போன் செய்து சொல்லிவிடு.

என்றும் உன் நலம் வேண்டும்,
பெரியம்மா