திசை காட்டும் ஊசி

அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்று ஓர் ஊர் உண்டு. அந்தமானைச் சுற்றிலும் கடல். கரை மறைந்தால் எல்லாப் பக்கமும் தண்ணீர்தான். மேகம் மூடினால் சூரியனும் தெரியாது, விண்மீனும் தெரியாது. அப்போது படகில் போகிறவருக்கு வழி சொல்வது எது? காம்பஸ் ஊசி.

ஊசி ஏன் திரும்புகிறது?

பூமி ஒரு பெரிய காந்தம். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இரும்பு உருகிக் குழம்பாக இருக்கிறது. குழம்பு ஓடும்போது மின்சாரம் உண்டாகிறது. மின்சாரத்தால் காந்த சக்தி உண்டாகிறது. அது ஊசியைத் திருப்புகிறது.

ஊசி காட்டுவது சரியான வடக்கா? இல்லை. சற்று விலகி நிற்கும். அந்தமானில் இந்த விலகல் சிறியது. சில நாடுகளில் மிக அதிகம். குழம்பு ஓடுவதால் விலகலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1 டிகிரி தவறினால் என்ன ஆகும்? 100 கிலோமீட்டர் போனதும் படகு சுமார் 1,750 மீட்டர் தள்ளிப் போய்விடும். சிறிய தீவு என்றால் கண்ணில் படாமலே போகலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

காந்த சக்தியை அளக்கும் கருவி காந்தமானி. போர்ட் பிளேரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஒரு நிலையம் அமைத்தது. (அந்த நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது.) நடுக்கடலில் இப்படி நிலையம் கட்ட முடியுமா? முடியாது. அதற்குத்தான் செயற்கைக்கோள். 2013 நவம்பர் 22 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ‘ஸ்வார்ம்’ என்ற மூன்று செயற்கைக்கோள்களை அனுப்பியது. அவை கடலையும் நிலத்தையும் சுற்றி வந்து அளந்தன.

வானத்தின் மேலடுக்கிலும் மின்சாரம் ஓடுகிறது. பகலில் அது அதிகம். அது அளவைக் குழப்பும். ஆகவே, அமைதியான இரவு நேர அளவுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். நிலையங்களின் அளவுகளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள். உலகம் முழுவதற்கும் காந்தப் படம் கிடைக்கும். கப்பலுக்கும் விமானத்துக்கும் கைபேசிக்கும் இது உதவுகிறது. 5 ஆண்டுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்கிறார்கள். வட காந்த முனை வேகமாக நகர்ந்ததால், 2019-இல் முன்கூட்டியே திருத்தினார்கள். 2024 டிசம்பரிலும் ஒரு புதிய படம் வந்தது.

இரும்பைத் தள்ளி வையுங்கள்

மும்பைக்கு மின்சார டிராம் வர இருந்தது. அதனால் காந்த நிலையம் 1904-இல் அலிபாகுக்குப் போனது. ஸ்வார்மில் காந்தமானி நீண்ட கம்பியின் மீது தள்ளி இருக்கிறது. படகுக்கும் இதே விதிதான். காம்பஸ் அருகே கத்தி, நங்கூரம், ரேடியோ, கைபேசி எதையும் வைக்கக் கூடாது.

செய்து பாருங்கள்: காம்பஸ் அருகே ஓர் ஆணியைக் கொண்டு போங்கள். ஊசி என்ன செய்கிறது?

பதில் சொல்லுங்கள்: இரவு நேர அளவுகளைத் தேர்ந்தெடுப்பது ஏன்?