நாலு பேர் முன்னால் குதிரை மானத்தை வாங்காமலிருக்க…

கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் குதிரை என்பார்கள். மாப்பிள்ளை அழைப்பு, கோயில் திருவிழா, கடற்கரைச் சவாரி என்று கூட்டம் கூடும் இடத்துக்குக் குதிரையைக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் பழமொழி அடிக்கடி நினைவுக்கு வரும். குதிரை வேண்டுமென்று எதையும் செய்வதில்லை. வயிறும் பயமும்தான் அதைச் செய்ய வைக்கின்றன. அந்த இரண்டையும் முன்கூட்டியே கவனித்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது.

1. வளர்ந்த குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை லத்தி போடும். பரபரப்பானால் இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் ஆரத்தித் தட்டோடு பெண்கள் எதிரே வந்து நிற்கும்போது சரியாக வாலைத் தூக்குகிறது. ஊர்வலத்துக்கு முன் கால் மணி நேரம் நடக்க விடுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடித்துவிடும். அப்படியும் ஒருவர் முறம், துடைப்பம், சாக்கோடு பின்னால் வரட்டும். அள்ளியதை மட்கவைத்து ரோஜாச் செடிக்குப் போடலாம்.

2. காலில் தெறிப்பது குதிரைக்குப் பிடிக்காது. எனவே சிமென்ட் தரையில் அடக்கிக்கொண்டு நின்றுவிட்டு, மெத்தென்ற இடம் கிடைத்ததும் சிறுநீர் கழிக்கும். மண்டபத்துக் கம்பளம் அதற்கு வசதியான இடம்தான்! கிளம்புமுன் வைக்கோல் பரப்பிய இடத்திலோ புல்தரையிலோ சற்று நேரம் நிறுத்திவையுங்கள். சவாரியின்போது பின்னங்கால்களை அகட்டி நின்றால் இழுக்காதீர்கள். மேலே இருப்பவர் சற்று முன்னால் சாய்ந்து அதன் இடுப்புக்கு இடம் கொடுத்தால் போதும்.

3. குதிரை துள்ளுநடை போடும்போது பின்னாலிருந்து வரும் சத்தத்துக்குக் கூட்டம் சிரிக்கத்தான் செய்யும். தின்ற புல்லும் கொள்ளும் பெருங்குடலில் புளிக்கும்போது காற்று உண்டாவது இயல்பு. நிகழ்ச்சியன்று கொள்ளைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டுங்கள். புதுத் தீவனம் எதையும் அன்று பழக்க வேண்டாம். வயிற்றில் சத்தமே இல்லாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

4. குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்தது. பட்டினியாகக் கூட்டிப்போனால் மாப்பிள்ளையின் மாலையையும் தள்ளுவண்டிக் கீரையையும் ஒரே வாயில் இழுக்கும். கிளம்புமுன் வயிறாரப் புல் போடுங்கள். மாலையில் அரளி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அரளி குதிரைக்குக் கொடிய விஷம். அதில் கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கே ஆபத்து.

5. வெள்ளைக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, பிடரியைப் பின்னி, அவிழ்த்துவிட்ட மறுநிமிடம் அது சேற்றில் உருளும். ஈர உடம்போடு உருள்வது அதற்குப் பரம சுகம். எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் மணலில் ஆசை தீர உருளவிட்டுப் பிறகு குளிப்பாட்டுங்கள். உடம்பு காயும்வரை கட்டியே வையுங்கள்.

6. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது உடம்பை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. சற்று நேரத்தில் மூச்சை விட்டதும் வார் தளரும். மாப்பிள்ளை அங்கவடியில் கால் வைத்ததும் சேணத்தோடு சேர்ந்து சரிவார், வீடியோக்காரர் அதையும் விடாமல் எடுப்பார். வாரைக் கட்டியபின் குதிரையைப் பத்தடி நடத்துங்கள். ஏறுமுன் வாருக்குள் விரல்களை விட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் இன்னொரு முறை இறுக்குங்கள்.

7. வீட்டில் சாதுவாக இருக்கும் குதிரை பேண்டு வாத்தியத்தைக் கேட்டதும் பின்வாங்கி, பந்தக்காலை முட்டும். முதல்நாளே பழகிவிடாது. சில வாரங்கள் முன்பிருந்தே மேளச் சத்தத்தைத் தூரத்தில் கேட்கவைத்து, அமைதியாக நின்றால் ஒரு கேரட் துண்டு கொடுத்து, மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பட்டாசு எப்போது, எங்கே வெடிப்பார்கள் என்று வீட்டுக்காரர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

8. வாசனைத் திரவியம் பூசிய விருந்தாளியை முகர்ந்துவிட்டு, குதிரை தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். கேலி செய்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் மூக்கின் அடியில் உள்ள ஒரு தனி உறுப்புக்கு வாசனையை அனுப்பி ஆராய்கிறது. ‘உங்க சென்ட் அதுக்குப் புதுசுங்க’ என்று சொல்லிவிட்டு இரண்டடி நகர்த்துங்கள்.

9. ஆண் குதிரை நின்ற இடத்தில் கண்ணயர்ந்தால், உடம்பு தளர்ந்து உறுப்பு வெளியே தொங்கும். பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், குழந்தைகள் கேள்வி கேட்பார்கள். அடிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. நாலடி நடத்தினால் தானே உள்ளே போய்விடும். வெகு நேரமாகியும் உள்ளே போகாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பருவத்துக்கு வந்த பெட்டைக் குதிரை இருக்கும் ஊர்வலத்தில் காயடிக்காத குதிரையைச் சேர்க்கவே வேண்டாம்.

10. ‘உங்க குதிரை செத்துக் கிடக்குங்க!’ என்று அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள். குதிரை நின்றபடியே தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். காலை நீட்டி, தலையைத் தரையில் போட்டுவிடும். விலாவைப் பாருங்கள். நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை சீராக ஏறி இறங்கினால் தூக்கம்தான். மாறாக, திரும்பத் திரும்பப் புரண்டு, வியர்த்து, வயிற்றைத் திரும்பிப் பார்த்தால் அது வயிற்றுவலி. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாந்தி எடுத்து ஆறுதலடைய குதிரையால் முடியாது.

11. உதட்டாலேயே தாழ்ப்பாளைத் தள்ளித் திறக்கக் கற்றுக்கொள்ளும் குதிரைகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தி காலியான பிறகு சமாதானம் பேசுவதைவிட, கதவின் கீழ்ப்பக்கம், வாய் எட்டாத இடத்தில், இரண்டாவது தாழ் போடுவது சுலபம்.

12. எது நடந்தாலும் கூட்டத்தின் எதிரே சவுக்கை எடுக்காதீர்கள். நடந்து முடிந்ததற்குப் பிறகு விழும் அடிக்குக் காரணம் குதிரைக்குப் புரியாது. அந்த இடத்தின் மீதும் உங்கள் மீதும் பயம்தான் மிஞ்சும், அடுத்த முறை சங்கடம் இரட்டிப்பாகும். பச்சை எச்சில் பட்ட வேட்டிக்காரரிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், ஒரு துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் நீட்டுங்கள். வாடகை பேசும்போதே, ‘உயிருள்ள ஜீவன், லத்தி போடும், கனைக்கும்’ என்று சொல்லிவைத்தால் பிறகு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.