அணிகருவிகளும் அளவையின் நேர்கோட்டியல்பும்

இரசாயன ஆய்வுகூடத்திலே முதன்முதல் தராசின் முன் நின்ற நாள் எம்மிற் பலர்க்கு இன்றும் நினைவிருக்கும். நிறைப்படிகளைக் கையால் தொடலாகாது, இடுக்கியாலேயே எடுத்தல் வேண்டும் என்பது ஆசிரியரின் ஆணை. ஏன் என்று அன்று யாம் வினவினோமல்லேம். ஏச்சுக்கு அஞ்சியே கீழ்ப்படிந்தோம். விரலின் ஈரமும் அழுக்கும் படிந்து 10 கிராம் படி தன் நிறையில் வழுவுமாயின், அதன் பின் நிறுக்கப்படும் பொருளெல்லாம் பொய்க்கணக்காகும் என்பதே அவ்வாணையின் உட்பொருள். இன்று மணிக்கட்டில் அணியும் சிறு கருவியினுள்ளும் அத்தகைய தராசொன்று உண்டு. அதே இடர்ப்பாடும் உண்டு.

உடலில் எழும் சைகைகள் தொடர்ச்சியானவை. இதயத்தின் மின்னசைவு தோலின் மேல் ஏறத்தாழ 1 மில்லிவோல்ற்று அளவில் ஏறி இறங்கும். கணிக்கும் பொறியோ எண்ணையன்றி வேறொன்றையும் அறியாது. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று மின்னழுத்தத்தை எண்ணாக்குவது ஒப்புமை-இலக்க மாற்றியாகும். அணிகருவிகளிற் பெரிதும் வழங்குவது படிப்படியாக நெருங்கும் முறை. 1, 2, 4, 8 என இரட்டிக்கும் படிகளுள் மிகப் பெரியதை முதலில் இட்டுப் பார்ப்பர், மிகுந்தால் அகற்றுவர், குறைந்தால் இருக்க விட்டு அடுத்ததை இடுவர். இத்தகைய படிகளால் நிறுக்கும் கணக்கை இத்தாலியரான தார்த்தாலியா 1556 இல் எழுதினார். 1975 இல் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான மக்கிறியரி, கிரே என்போர் படிகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் சில்லில் அமைந்த கொள்ளளவிகளைக் கொண்டு இதனை நிறைவேற்றிக் காட்டினர்.

12 துவித இலக்கங்கொண்ட மாற்றியில் மிகப் பெரிய கொள்ளளவி 2048 அலகு. ஏனைய பதினொன்றும் கூடி 2047 அலகு. பெரியது ஆயிரத்தில் ஒரு பங்கு மிகுந்து 2050 ஆகிவிட்டதெனக் கொள்வோம். இச்சிறு பிழை யாருக்கு என்ன செய்யும் எனச் சிலர் கருதக்கூடும். ஆகவே அதனைச் சற்று விரித்துரைப்போம்.

குருதியின் ஒட்சிசன் நிறைவை ஒளியால் அளக்கும் முறையை ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி 1974 இல் வெளிப்படுத்தினார். செவ்வொளியையும் செங்கீழ்க் கதிரையும் தசையினூடு செலுத்தி, ஒவ்வொன்றிலும் நாடித்துடிப்பால் எழும் சிற்றலையை அதன் நிலையான பகுதியால் வகுத்து, வரும் இரண்டு ஈவுகளின் விகிதத்தைக் காண்பதே அம்முறை. அவ்விகிதத்தை 25 ஆற் பெருக்கி 110 இலிருந்து கழித்தால் நிறைவு நூற்றுவீதத்தில் ஏறத்தாழக் கிடைக்கும். சிற்றலையோ பல வேளைகளில் நிலையான பகுதியின் நூற்றிலொரு பங்கேயாகும்.

இனி, செவ்வொளிச் சைகை 2038 அலகிலிருந்து 2058 வரை அசைகின்றது என்க. உண்மை வீச்சு 20. மாற்றியோ கீழெல்லையில் 2038 என்றே சரியாகக் கூறும். மேலெல்லையில் 2050 அலகுப் படியை 2048 என எண்ணுதலால் 2056 என்று கூறும். வீச்சு 18 ஆயிற்று. செங்கீழ்க் கதிரின் சைகை 3000 அலகுக்கு அண்மையில் அசையுமாயின் அதன் இரண்டு எல்லைகளும் ஒரே அளவால் வழுவும், வீச்சு மாறாது. எனவே விகிதம் பத்திலொரு பங்கு குறையும். உண்மை விகிதம் 0.88 ஆயின் நிறைவு 88. கருவி காட்டுவதோ 90 இற்குச் சற்று மேல். மருத்துவர் பலர் 90 ஐ எல்லையாகக் கொள்வர் என்பதை நினைக்கில், நோயாளியை இல்லத்தில் இருத்துவதா மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதா என்னும் முடிவே இங்கு மாறக்கூடும்.

மாற்றி முழுவதும் ஒரே விகிதத்திற் கூட்டிக் காட்டும் பிழை இங்கு தீங்கற்றது. வகுத்தலில் அது தானே நீங்கும். இடத்துக்கிடம் வேறுபடும் வளைவே நீங்காதது. நேர்கோட்டியல்பை வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

பரிகாரம் யாது? கொள்ளளவிகளைப் பெரிதாக்கலாம். ஆயின் பொருத்தப் பிழை பரப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், பிழையைப் பாதியாக்கப் பரப்பு நான்கு மடங்காதல் வேண்டும். மின்னேற்றச் செலவும் அதனோடு உயரும். நாணயமளவு மின்கலத்தில் இயங்கும் கருவிக்கு இது கட்டுபடியாகாது. லீ, ஹொட்ஜஸ், கிரே ஆகியோர் 1984 இற் காட்டிய வழி எமக்கு மிக விருப்பமானது. பெரிய கொள்ளளவியை ஏனையவற்றின் கூட்டுத்தொகைக்கு எதிராகக் கருவியே நிறுத்து, வேறுபாட்டைக் குறித்து வைத்துப் பின்னர் திருத்திக்கொள்ளும். படி வழுவியது குற்றமன்று, எவ்வளவு வழுவியதென்று அறியாமையே குற்றம் என்பது அவர்தம் கொள்கை போலும். சமமான சிறு கொள்ளளவிகளை மாறிமாறிப் பயன்படுத்திப் பிழையை இரைச்சலாகச் சிதறடித்து வடிகட்டுதலும் உண்டு.

வேறொரு வழி, படிகளையே ஒழித்துவிடுவது. 1962 இல் ஜப்பானில் இனோசே, யசுதா முதலியோர் வெளியிட்ட முறையில் ஈரெண்களே உள்ளன: ஆம், அன்று. அவ்விரண்டையும் மிக விரைவாகப் பல்லாயிரம் முறை கூறச் செய்து சராசரி காண்பர். இரண்டு புள்ளிகளுக்கூடாக ஒரு நேர்கோடன்றி வேறு செல்லாதாகையால், வளைவுக்கு அங்கே இடமேயில்லை. கேத்திரகணிதத்தில் முதல் நாட் பாடம் இத்துணை பயன்படும் என்று யார் எண்ணினார்!

எனினும் இம்முறைக்குக் காலம் வேண்டும். இதயத்தின் மின்னசைவு செக்கனுக்கு ஏறத்தாழ 150 அதிர்வுகளுக்குள் அடங்குவதால் அதற்கு இது நன்கு பொருந்தும். ஒளி காலும் இருவாயியோ எரியும் ஒவ்வொரு கணமும் மின்கலத்தைக் குடிப்பது. அதனை நெடுநேரம் எரியவிட்டுச் சராசரி காண்பது வீண்செலவு. ஆதலின் ஒளியால் நாடி பார்க்கும் கருவிக்குத் தன்னைத் தானே நிறுத்துத் திருத்திக்கொள்ளும் கொள்ளளவித் தராசே தக்கதென யாம் கருதுகின்றோம். வெப்பநிலையோடு கொள்ளளவிகள் சிறிது மாறுமாதலால், அந்நிறுத்தல் தொழிற்சாலையில் ஒருமுறை நிகழ்ந்தது போதாது, கருவியை அணிந்திருக்குங் காலத்தும் இடையிடையே நிகழ்தல் வேண்டும்.