எங்கே மேய்ந்த கோழி?

கோழி வாங்கப் போகிறவர்கள் "நாட்டுக்கோழியா, ப்ராய்லரா?" என்று கேட்பார்கள். நான் அதோடு இன்னொன்றும் கேட்பேன்: "எங்கே மேய்ந்தது?" பல வருடங்களாகச் சந்தையிலும் கடையிலும் தெரிந்தவர் வீட்டுக் கொல்லையிலும் கோழி வாங்கி, எங்கள் வீட்டுப் பின்கட்டில் கொஞ்சம் வளர்த்தும் பார்த்த பிறகு சொல்கிறேன். ருசி, உடம்பு, மனசாட்சி மூன்றுக்கும் இந்த ஒரு கேள்வி போதும். கோழி எந்த இனம் என்பதைவிட, அது எப்படி வாழ்ந்தது என்பதுதான் முக்கியம்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டம் பெரணமல்லூர். ஆரணிப் பட்டு நெசவு வட்டாரம். எங்கள் வீட்டிலும் தறி உண்டு. நாளெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து செய்கிற வேலை. கூலி கைக்கு வந்தால்தான் வீட்டில் கறி. அதனால் விலையை மறந்துவிட்டுச் சொல்லும் அறிவுரை எங்களுக்குச் சரிப்படாது. கீழே எழுதியிருப்பது எல்லாம் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் வரவு செலவுக்குள் நடப்பதுதான்.

ப்ராய்லரை நான் ஏன் தவிர்க்கிறேன்

முதலில் ஒரு தவறான பேச்சைத் தள்ளிவைத்துவிடுவோம். ப்ராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அது உண்மையில்லை. அத்தனை ஆயிரம் கோழிக்கு ஊசி போட ஆளும் கிடையாது, கட்டுப்படியும் ஆகாது. அந்த வேகம் கோழியின் பிறப்பிலேயே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சீக்கிரம் எடை போடுகிற கோழியையே பொறுக்கிப் பொறுக்கி இனம் கூட்டியதன் விளைவு அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு இனம், 1978-ஆம் ஆண்டு இனம், 2005-ஆம் ஆண்டு இனம் மூன்றையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாளில் 1957 இனம் சுமார் 900 கிராம் இருந்தது. 2005 இனம் 4 கிலோ 200 கிராம்! தீவனத்தில் வித்தியாசம் கிடையாது, பிறவியில்தான் வித்தியாசம்.

நம் ஊர்ப் பண்ணைகளில் 35 முதல் 42 நாளுக்குள் கோழி இரண்டு கிலோவைத் தொட்டுவிடுகிறது. சதை போடும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காமல் பல கோழிகள் கடைசி வாரத்தில் நடக்கவே சிரமப்படும். ஒரு கோழிக்குக் கிடைப்பது சுமார் ஒரு சதுர அடி இடம். சீய்ப்பதற்கு மண் கிடையாது, ஏறி உட்காரக் கிளை கிடையாது. முட்டைக்கோழியின் நிலை இன்னும் மோசம். கம்பிக்கூண்டில் ஒன்றுக்கு 450 சதுர சென்டிமீட்டர் அளவில்தான் இடம் என்பது நெடுநாளாக இருந்துவந்த நடைமுறை. ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள்கூட அதைவிடப் பெரியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் இந்த வெறுங்கூண்டை 2012-ல் தடை செய்துவிட்டன. நம் நாட்டிலும் சட்ட ஆணையம் 2017-ல் கொடுத்த 269-ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி இரண்டின் இருப்பிடத்தையும் பற்றித் தனியாகப் பேசியது.

அடுத்து மருந்து. நெருக்கமாக அடைத்த கொட்டகையில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். அந்தப் பயத்தில் நோய் வருமுன்பே தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் பரவியது. டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. ஆரோக்கியமான பிராணிகளுக்கு வளர்ச்சிக்காக இந்த மருந்துகளைக் கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் கேட்டுக்கொண்டது. வேறெதற்கும் அடங்காத கிருமிக்குக் கடைசியாகக் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. நாளைக்கு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமே என்ற கவலைதான் என்னை முதலில் யோசிக்க வைத்தது.

இதற்காகப் பண்ணை வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கூலிக்குத் தறி நெய்கிற எனக்கு அந்த நிலைமை நன்றாகவே புரியும். கோழி எப்படி வளர வேண்டும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது வாங்குகிறவர்கள்தான்.

பெயரை நம்பாதீர்கள்

'நாட்டுக்கோழி' என்று பலகை போட்ட கடையில் தொங்குவதெல்லாம் மேய்ந்த கோழி இல்லை. மூன்று வகை அந்தப் பெயரில் வருகிறது.

ஒன்று, பண்ணை நாட்டுக்கோழி. கலப்பினக் குஞ்சை வாங்கி, ப்ராய்லர் போலவே கொட்டகையில் அடைத்து, கம்பெனித் தீவனத்தில் மூன்று மாதத்துக்குள் எடைக்குக் கொண்டுவருவார்கள். நிறம் பலவிதமாக இருப்பதால் ஏமாந்துவிடுவோம்.

இரண்டு, முட்டைக் காலம் முடிந்த லேயர் கோழி. கூண்டில் இருந்து கழித்த கோழி, கறி கெட்டியாக இருப்பதால் நாட்டுக்கோழி என்றே சிலர் தள்ளிவிடுகிறார்கள்.

மூன்று, உண்மையிலேயே கொல்லையிலும் வயலிலும் திரிந்த கோழி. சிறுவிடை, பெருவிடை, அசில் போன்ற நம் வகைகள் இதில் உண்டு. கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழியோ ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியாவோ புறக்கடையில் மேய்ந்து வளர்ந்திருந்தால் அவற்றையும் நான் தயங்காமல் வாங்குவேன். புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனங்கள் அவை. பெருவிடையே ஆனாலும் கொட்டகைக்குள் அடைபட்டு வளர்ந்தது என்றால் எனக்கு வேண்டாம்.

கையில் எடுத்துப் பாருங்கள்

எனக்குக் கோழி பார்க்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்துக் கிராமத்தில் கோழி வளர்த்து விற்கும் ஒரு ஆயா. எடைக்குப் போடுவதற்கு முன் கோழியைக் கையில் கொடுத்துவிடுவார்.

"காலப் புடிச்சித் தலைகீழா தூக்காத பா. நெஞ்சாண்ட கைய வெச்சிப் பாரு" என்றார் ஒருமுறை. வைத்தேன். இறகுக்கு அடியில் நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி கையில் பட்டது. இரண்டு பக்கமும் சதை குறைவு. தொடை மட்டும் இறுக்கமாக இருந்தது.

"கறி கம்மியா இருக்கே ஆயா?"

"மேயற கோழிக்குக் கறி தொடையிலதான் இருக்கும். நெஞ்சு உப்பியிருந்தா அது உக்காந்து தின்ன கோழி. எலும்போட கடைசிய அமுக்கிப் பாரு, வளையுது இல்ல? எளசு."

அன்று அவர் சொன்னதோடு, பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அலகைப் பாருங்கள். நுனி கூராகவும் கொஞ்சம் வளைந்தும் இருக்க வேண்டும். மொட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அது நெருக்கடியில் வளர்ந்தது. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க நுனியை வெட்டிவிடுவார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அலகு பொய் சொல்லாது.

நகத்தைப் பாருங்கள். மண்ணைச் சீய்த்த கோழிக்கு நகம் தேய்ந்து மழுங்கியிருக்கும். கூண்டுக்கோழிக்கு நீண்டு வளர்ந்திருக்கும்.

இறகைப் பாருங்கள். அடிவயிறும் கழுத்தும் மொட்டையாக இருந்தால் கம்பியில் உரசியது அல்லது ஈரத் தரையில் கிடந்தது என்று சந்தேகப்படுங்கள். கழுத்தில் இறகே இல்லாத ஒரு நாட்டு வகை உண்டு. அதற்கு அந்த இடம் பிறவியிலேயே சிவந்து மழமழவென்று இருக்கும்.

சேவலாக இருந்தால் காலில் உள்ள முள்ளைப் பாருங்கள். சின்ன மொட்டாக இருந்தால் இளசு. நீண்டு கூராக இருந்தால் முற்றியது. கொண்டை சிவப்பாக, கண் பளிச்சென்று இருக்க வேண்டும். தூங்கி வழிகிற, எச்சம் வெள்ளையாகப் பின்பக்கம் ஒட்டியிருக்கிற கோழியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கடைசியாக, மேய்ந்த இடம். சாக்கடை ஓரத்திலும் பிளாஸ்டிக் குப்பையிலும் திரிந்த கோழி, மேய்ந்தது என்பதாலேயே நல்லதாகிவிடாது. வயல், களம், மாட்டுத்தொழுவம் பக்கம் வளர்ந்ததை வாங்குங்கள். சமீபத்தில் மருந்து ஏதும் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். வீட்டில் வளர்ப்பவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

விலைக்கு என்ன வழி

மேய்ந்த கோழி ப்ராய்லரைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது. காரணம் நியாயமானது. ப்ராய்லர் ஆறு வாரத்தில் கொடுக்கும் எடையைக் கொடுக்க இது ஐந்து, ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பருந்துக்கும் கீரிக்கும் கொஞ்சம் போய்விடும்.

நாங்கள் செய்தது இதுதான். வாரா வாரம் கறி என்பதை விட்டோம். மாதத்தில் ஒன்றிரண்டு முறை நல்ல கோழி. மற்ற வாரங்களில் முட்டை, கருவாடு, மொச்சை. மாதச் செலவு ஏறவில்லை. ஆடியில் ஊரெங்கும் கூழ்வார்த்தல், தையில் காணும் பொங்கல் என்று எல்லோரும் ஒரே நாளில் தேடும்போது விலை எகிறும், கலப்படமும் கூடும். பண்டிகைக்கு வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். புரட்டாசியில் கறி விற்பனை படுத்துவிடும். அப்போது இளங்கோழியாக வாங்கி வீட்டில் விட்டுக்கொண்டால் தீபாவளி தாண்டி நன்றாகத் தேறிவிடும்.

முட்டைக்கும் ஒரு வார்த்தை. ஓடு பழுப்பாக இருப்பதால் அது நாட்டுக்கோழி முட்டை ஆகிவிடாது. பழுப்பு முட்டை போடும் பண்ணை லேயரும் உண்டு. மஞ்சள் கருவின் நிறம் தீனியைப் பொறுத்தது. புரதச்சத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆகவே நிறத்தைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்காதீர்கள். கோழி திரிகிற வீட்டைப் பார்த்துக் கொடுங்கள்.

அடுப்பில்

ப்ராய்லர் பழக்கத்தில் சமைத்தால் மேய்ந்த கோழி ரப்பர் மாதிரி இருக்கும்; பிறகு பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவோம். தோலை உரிக்காமல் வாங்குங்கள். இறகு எடுத்தபின் வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவினால் அந்தத் தோலில்தான் குழம்பின் வாசனை இருக்கிறது. துண்டுகள் சின்னதாக இருக்கட்டும். முட்டையிடாத வெடக்கோழியை வறுவலுக்கு வையுங்கள். திறந்த சட்டியில் முக்கால் மணி நேரம் போதும். முற்றிய சேவலுக்கும் பழைய பெட்டைக்கும் குக்கர்தான் சரி. ஏழெட்டு விசில் விட்டு, எலும்புச் சாறோடு குழம்பு வையுங்கள். கடலை எண்ணெய், சின்ன வெங்காயம், வறுத்து அரைத்த மிளகாய், தனியா போதும். எங்கள் பக்கம் இதற்குக் கேழ்வரகுக் களிதான் ஜோடி. அரைக் கோழிக் குழம்பில் ஒரு குடும்பம் வயிறு நிறையச் சாப்பிடலாம். ப்ராய்லரில் கறியைத் தின்போம். இதில் குழம்பே சாப்பாடு. விலைக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலு கோழிக்கு இடமிருந்தால்

பின்கட்டில் கொஞ்சம் மண்தரை இருந்தால் ஒரு சேவலும் மூன்று நான்கு பெட்டையும் போதும். ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. நொய்யும் தவிடும் மலிவாகக் கிடைக்கும். புரதத்துக்குக் கரையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்றுள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவையுங்கள். காலையில் பானையைத் திருப்பினால் குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்கும்.

அடைக்கோழியின் கீழ் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். 21 நாளில் பொரியும். முதல் சில வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் கூடையைக் கவிழ்த்துக் காப்பாற்றினால் பருந்துக்குத் தப்பும்.

கோழிக் கூட்டத்தையே அழிப்பது வெள்ளைக்கழிச்சல். வந்தபின் வைத்தியம் கிடையாது, தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடைத்துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம். கோழி திடீரெனக் கொத்தாகச் செத்தால் அறுத்துச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு ஆழமாகப் புதையுங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கோழி வளர்த்தால் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று முன்பணம் கேட்கும் திட்டங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழியை நம்பி எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. புறக்கடைக் கோழி கைச்செலவுக்கு உதவும். ஒரே நாளில் பணக்காரர் ஆக்காது.

மேய்ந்த கோழிக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கிராமத்துப் பெண்ணின் கையில் நேராகச் சேர்கிறது. பள்ளிக்கூட நோட்டுக்கும் மருந்துக்கும் அவர்கள் நம்பியிருப்பது அதைத்தான். அடுத்தமுறை கடையிலோ சந்தையிலோ நிற்கும்போது அலகைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள், எங்கே மேய்ந்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் அன்றைக்கு வாங்காமல் திரும்புங்கள். நாலு பேர் இப்படித் திரும்பினால் கடைக்காரரே மேய்ந்த கோழியைத் தேடிப் போவார்.